ரஜூலாவும் பதினாறு மாடிக் கப்பலும்

நவம்பர் மாதம் எங்களைப் போன்ற பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டிய மாதம். உயிர்வாழ் சான்றுக்காக விரல் ரேகை வைக்கப் பெரம்பலூரில் வரிசையில் நின்றிருந்தேன். விரல் ரேகை தேய்ந்துபோன கிழவர்களின் வரிசை மெதுவாகத்தான் நகரும். முன்னால் நின்றவர் என்னோடு அரியலூர் தபால் நிலையத்தில் வேலை பார்த்த பழைய நண்பர். மகள் அனுப்பிய விளம்பரத்தைச் செல்போனில் காட்டினார். ஆறாயிரம் பேர் போகிற உல்லாசக் கப்பல். "நீங்க போய்ட்டு வந்தவராச்சே, இந்த மாதிரி பெருசுல போகலாமா, இல்ல நாகப்பட்டினத்துல விடுறானே சின்னது, அதுல போகலாமா?" என்று கேட்டார்.

வரிசையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் கடற்கரை கிடையாது. கடல் இருந்தது, போய்விட்டது. காரைப் பக்கம் செம்மண் பள்ளங்களில் மழை பெய்து ஓய்ந்தபின் நடந்தால் சுருண்ட நத்தை மாதிரிக் கல் கிடைக்கும். அதெல்லாம் சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடலில் வாழ்ந்த பிராணிகள். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் மரம் அந்தக் கடலில் அடித்து வரப்பட்டுப் புதைந்தது. 1940-ல் நிலவியல் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து சொன்னார். அரியலூர் சிமெண்டுக்கு வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக் கல்லும் அந்தக் கடல் விட்டுச் சென்றதுதான். ஆக, நம்முடைய வீட்டுச் சுவரில் கடல் இருக்கிறது. கண்ணால் பார்க்கத்தான் நாகப்பட்டினம் போக வேண்டும்.

கடலே இல்லாத இதே மண்ணில் உட்கார்ந்துகொண்டுதான் ஒருவன் கடாரத்துக்குக் கப்பல் விட்டான். கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டம். ராஜேந்திர சோழன் 1025-ஐ ஒட்டி ஸ்ரீவிஜயத்தின் மீது படை அனுப்பினான். 2025 ஆடித் திருவாதிரைக்கு அந்தப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு என்று கொண்டாடியதில் உங்களில் பலர் கூட்டத்தில் சிக்கியிருப்பீர்கள். மெய்க்கீர்த்தியில் அவன் அலைகடலில் பல கலம் செலுத்தியதாகத்தான் வருகிறது. 'பல' என்று இருக்கிறது. 'பெரிய' என்று இல்லை. இதை வைத்து ஆராய்ச்சி ஏதும் செய்யப்போவதில்லை. தோன்றியதைச் சொன்னேன்.

நான் பார்த்து வளர்ந்த கடாரக் கதை வேறு. என் பெரியப்பாவுடையது.

அவர் 1937-ல், பத்தொன்பது வயதில், திருமானூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து ஒரு கங்காணியோடு மலேயா போனார். பரிசலில் கொள்ளிடம் தாண்டி, தஞ்சாவூரில் ரயிலேறி, நாகப்பட்டினம். அடுத்த வருடமே, 1938-ல், தோட்டக் கூலிகளை இப்படி அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஒரு வருடம் தாமதித்திருந்தால் அவர் எங்களோடு கடலை பிடுங்கிக்கொண்டு இருந்திருப்பார்.

அவர் போன கப்பல் ரஜூலா. வயதானவர்களுக்கு இந்தப் பெயரே போதும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: 1926-ல் கிளாஸ்கோவில் கட்டியது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வரும். நடுவில் போர்க்காலத்தில் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு அலைந்தது. மறுபடி பழைய தடத்துக்கே வந்து, 1973 வரை இந்தியா மலேயாத் தமிழர்களைச் சுமந்தது. கடைசியில் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. சீக்கிரமே உடைக்கப் போய்விட்டது. நாற்பத்தேழு வருடம் ஒரு கப்பலுக்குப் பெரிய ஆயுசு. நம்மில் பலரின் சர்வீஸைவிட அதிகம்.

இந்தப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிதான் வ.உ.சி.யோடு மோதியது. 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது, பிறகு இலவசம் என்றது, குடையும் சேர்த்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போக, கம்பெனி நொடித்தது. பெரியப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அவருக்கு ரஜூலா நம்ம கப்பல். கடைசிவரை அப்படித்தான் சொன்னார்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். பெரிய கப்பல் எது, சின்னக் கப்பல் எது?

கப்பலின் டன் என்பது எடை இல்லை. நானே வெகு நாள் எடை என்று நினைத்திருந்தேன். அது கொள்ளளவு, பழைய கணக்கில் நூறு கன அடி ஒரு டன். ரஜூலா 8,478 டன். கட்டிய காலத்தில் அதற்கு ஐயாயிரம் டெக் பயணிகளுக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது. பிற்காலத்தில் அந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள் என்றாலும், பெரியப்பா போனது அந்தப் பழைய காலத்தில். இப்போது ஓடுகிற மிகப் பெரிய உல்லாசக் கப்பல்களில் ஒன்றான 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2024 ஜனவரியில் பயணம் தொடங்கியது. 20 அடுக்கு, 2,48,663 டன். நிரம்ப ஏற்றினால் பயணிகள் 7,600 பேர்.

தபால்காரன் புத்தி, வகுத்துப் பார்த்தேன். ரஜூலாவில் தலைக்கு 1.7 டன். அதாவது 170 கன அடி. ஐந்தரை அடி நீள, அகல, உயரமுள்ள ஒரு பெட்டி. அதிலும் இன்ஜின், சரக்கு, கேப்டன் அறை எல்லாம் அடக்கம். ஐகானில் தலைக்கு 32 டன்னுக்கு மேல். பதினெட்டுக்குப் பதினெட்டில் பத்தடி உயரமுள்ள ஒரு ஹால். 1982-க்குப் பிறகு டன் கணக்கிடும் முறை மாறிவிட்டதால் இது தோராயம்தான். ஆனாலும் சங்கதி விளங்கும். நாம் சின்னது என்று நினைக்கிற ரஜூலா ஆள் கணக்கில் இன்றைய ராட்சதக் கப்பல்களோடு போட்டி போடக்கூடியது. கப்பல் முப்பது மடங்கு வளர்ந்திருக்கிறது, ஆட்கள் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. மீதி இடத்தில் நீச்சல் குளம் இருக்கிறது.

பெரியப்பா 1958-ல் ஊருக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. திண்ணையில் உட்கார்ந்து கப்பல் கதை சொல்வார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் தூரத்தில் கடலில் நிற்கும். தோணியில் போய், அலை தூக்குகிற நேரம் பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டும். "அல எறங்குறப்ப கால வச்சே, போச்சு" என்பார். மேல்தட்டில் பாயை விரித்து, தலைமாட்டில் டிரங்குப் பெட்டியை வைத்துவிட்டால் அந்த ஆறடி உன்னுடையது. ஏழெட்டு நாள். பண்டாரி போடும் சோறு, சாம்பார். மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டும். வாந்தி நாற்றம். ஆனால் மூன்றாம் நாள் எல்லோரும் உறவாகிவிடுவார்கள். பக்கத்துப் பாயில் இருந்த ஒரத்தநாட்டுக்காரர் வழியாகத்தான் பெரியம்மாவின் ஜாதகம் வந்தது என்று சொல்வார். பெரியம்மா இல்லை என்பார். அந்தச் சண்டை தீரவே இல்லை.

1978-ல் இருவரும் வந்தார்கள், சிதம்பரம் கப்பலில். வரவேற்கச் சென்னைத் துறைமுகத்துக்கு நான் போனேன். அப்போது அரியலூரில் எழுத்தராக இருந்தேன். லீவு வாங்கியதே ஒரு கதை, விடுங்கள்.

சிதம்பரம் 1966-ல் பிரான்சில் பாஸ்தர் என்ற பெயரில் கட்டியது. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகம் வாங்கிப் பெயர் மாற்றிச் சிங்கப்பூர்த் தடத்தில் விட்டது. 17,000 டன், ரஜூலாவைப் போல இரண்டு மடங்கு. ஏற்றியதோ ஆயிரத்து ஐந்நூறுக்குச் சற்று மேல். பெரும்பாலானவர்களுக்குப் பாய் போய்ப் படுக்கை வந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று கரையை ஒட்டி நின்றதைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். பெரியம்மா இறங்கி வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அரமன மாதிரி இருந்துச்சுடா தம்பி, ஒரு வேள வாந்தி எடுக்கல." பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "கப்பலா அது? உள்ளார போட்டு அடைச்சுட்டான். கடலப் பாக்கறதுக்குப் படியேறணும்" என்றார்.

பெரியது சுகம், சின்னது சொந்தம் என்கிற இந்த வழக்கு எங்கள் வீட்டில் அன்றைக்கே ஆரம்பித்தது.

ஆனால் அன்றைக்கு நான் கவனித்தது வேறு. அவர்களோடு ஐந்து உருப்படி இறங்கியது. இரண்டு டிரங்குப் பெட்டி, கயிறு கட்டிய ஒரு தையல் மெஷின், பெட்ஷீட் மூட்டை, பிஸ்கட் டின். ஊரில் நாற்பது வீட்டுக்கு ஆளுக்கொரு பொருள் இருந்தது. அப்பாயிக்கு ஒரு கம்பளிப் போர்வை. அரியலூர் வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அப்பாயி அதைச் சாகும்வரை போர்த்தியிருந்தாள்.

1985 பிப்ரவரி 12-ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்தது. முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். பேப்பரில் பெயர்ப் பட்டியல் வருகிறதா என்று தினமும் தேடியவர்களில் நானும் ஒருவன், ஏனென்றால் பெரியப்பா அந்த வருடம் வருவதாக எழுதியிருந்தார். எந்த மாதம் என்று எழுதவில்லை. பதினெட்டு நாள் கழித்து ஏரோகிராம் வந்தது. அவர் புறப்படவே இல்லை, ஆனிக்குத்தான் டிக்கெட் சொல்லி வைத்திருந்தாராம். அந்தக் கடிதத்தை நானே பையிலிருந்து பிரித்தெடுத்தேன். முத்திரை குத்தக்கூடக் கை வரவில்லை.

கப்பல் பிறகு ஓடவில்லை. உடைக்கத்தான் போனது. அதோடு சென்னைக்கும் மலேசியாவுக்கும் தமிழர்கள் போய்வந்த கப்பல் தடமே முடிந்தது. அதற்கு முன்பே விமானம் கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தது. தீ ஒரு சாக்கு என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

விமானத்தில் வாருங்கள் என்று எழுதினேன், மூன்று முறை. பயம் என்று நினைத்தேன். அவர் பதில் இப்படி வந்தது: "இருவது கிலோவுல நான் என்னத்தடா கொண்டாறது?" ஐம்பது வருடம் ரப்பர் வெட்டிய மனிதன் கையை வீசிக்கொண்டு ஊருக்குள் நடந்து வர மாட்டேன் என்கிறார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. கப்பல் சுகத்தைப் பற்றி, டெக்கைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம்; அவர்களைக் கப்பலில் ஏற்றியது அந்த டிரங்குப் பெட்டிதான் என்பது புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

அப்பாயி 1987-ல் போனாள். "கப்பல் நின்னு போச்சுன்னா என் கருமாதிக்குக்கூட வரமாட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவள். சொன்னபடிதான் நடந்தது. பெரியப்பா 1991-ல் கிள்ளானில் காலமானார். இங்கிருந்து யாரும் போகவில்லை. என்னிடம் பாஸ்போர்ட் இல்லை, பணமும் இல்லை.

2024 தை மாதம் சிங்கப்பூரில் இருக்கிற என் மகன் எங்களை அங்கிருந்து புறப்படும் பெரிய கப்பலில் ஏற்றினான். நான்கு நாள். பதினாறு மாடி, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல், நாலாயிரத்துச் சொச்சம் பேர். கப்பல் பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். என் மனைவிக்கு மூட்டு வலி. அங்கே பத்தடிக்கு ஒரு லிஃப்ட், தடுக்கி விழ வாசற்படி கிடையாது, காலையில் இட்லிகூட இருந்தது. கல்யாண மண்டபம், மார்க்கெட், சினிமா தியேட்டர் எல்லாம் சேர்த்து மிதக்கவிட்ட மாதிரி. அவள் மூன்றாம் நாள் என்னிடம் கேட்டாள், "என்னங்க, இது நெசமாவே போகுதா, நிக்குதா?" அந்தக் கேள்வியில் பெரிய கப்பலின் பெருமை முழுதும் அடக்கம். நகர்வதே தெரியாது. அத்தனை அகலம். அதோடு அடியில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு மாதிரியான தகடுகள் ஆட்டத்தைக் குறைக்கும் என்று மகன் சொன்னான்.

நான் அதிகாலையில் எழுந்து மேல்தட்டுக்குப் போனேன். கடல் எங்கோ கீழே, ஏழெட்டு மாடிக்குக் கீழே கிடந்தது. மொட்டை மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக் கிணற்றைப் பார்க்கிற மாதிரி. பெரியப்பா சொன்ன ஏணியும் அலையும் நினைவுக்கு வந்தன.

இந்தக் கப்பலுக்கு நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். இரண்டாம் நாள் அது போர்ட் கிள்ளானில் நின்றது. 1972 வரை அதன் பெயர் போர்ட் ஸ்வெட்டன்ஹாம். பெரியப்பா இறங்கிய ஊர். பெரியப்பா மகன், எனக்கு ஐந்து வயது இளையவன், காரோடு வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தான். நாலாயிரம் பேரும் இறங்க வேண்டும், எண் வாரியாக அழைத்தார்கள். எங்கள் எண் வரும்போது இரண்டு மணி நேரம் போய்விட்டது. மாலை நாலு மணிக்குள் திரும்ப வேண்டும். பெரிய கப்பலில் இது ஒரு தொல்லை. யார் குற்றமும் இல்லை, கூட்டத்தின் குணம்.

வெளியே அவன் நின்றிருந்தான். கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு மூன்று வயது. பெரியப்பா தோளில் இருந்தான். இப்போது வழுக்கை. "அண்ணே" என்றான், அவ்வளவுதான். பெரியப்பா குரல். என் மனைவிதான் எங்கள் இருவருக்கும் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அவன் வீட்டில் முக்கால் மணி நேரம் இருந்தோம். கூடத்தில் அந்த டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் பெரியப்பா பெயர், அதன் கீழே எங்கள் ஊர்ப் பெயர், வயா தஞ்சாவூர். 1985 ஆனிப் பயணத்துக்கு எழுதியதாம். உள்ளே என்ன என்று கேட்டேன். "அப்படியே இருக்குண்ணே, அம்மா தொறக்க விடல. அம்மா போன பெறகு எனக்கும் மனசு வரல" என்றான். நாங்களும் திறக்கவில்லை. நேரமாகிவிட்டது.

சின்னக் கப்பலைப் பற்றிச் சொல்லாவிட்டால் நண்பர் விடமாட்டார். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து இலங்கை காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' என்ற படகை விட்டார்கள். 150 இருக்கை. ஒரு வாரத்திலேயே, வடகிழக்குப் பருவக்காற்றைச் சொல்லி நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16-லிருந்து 'சிவகங்கை' போகிறது. இந்த ஆண்டு மாசியில் நான் போனேன். என் மனைவி வரவில்லை, தெளிவான பெண்மணி. நாலு மணி நேரப் பயணத்தில் ஒரு மணி நேரம் பையும் கையுமாக இருந்தேன். கடல் என்றால் என்ன என்று வயிற்றுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் ஏறுவதும் இறங்குவதும் டவுன் பஸ் மாதிரி. பக்கத்து சீட்டில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். திரும்பும்போது அவர் வீட்டு முருங்கைக்காய் என் பையில் இருந்தது.

பெரியதை விட்டால் நிரம்பாது, சின்னதை விட்டால் காற்று நிறுத்திவிடும். இதுதான் நம் கரையின் சங்கடம். 2011-ல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்காட்டியா பிரின்ஸ் என்று ஆயிரம் பேர் ஏற்றக்கூடிய கப்பலை ஜூனில் விட்டார்கள். போதிய ஆளில்லாமல் நவம்பரில் நின்றது. 2022-ல் முதலமைச்சர் சென்னையில் கொடியசைத்து அனுப்பிய எம்பிரஸ் உல்லாசக் கப்பல் 48,000 டன், டைட்டானிக்கைவிடப் பெரிது. நாகப்பட்டினத்துக்கு அந்த அளவுக் கப்பல் வராது, வரவும் முடியாது. ரஜூலாவே தள்ளித்தானே நின்றது.

ஆகவே நண்பரே, மூட்டு வலி உள்ள உங்கள் வீட்டம்மாவோடு போவதென்றால் பெரியதில் போங்கள். தனியாகப் போவதென்றால் நாகப்பட்டினம். காலையில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள், எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கிள்ளானிலிருந்து தம்பி பேசினான். வரும் சித்திரைக்கு ஊருக்கு வருகிறானாம், திருச்சிக்கு விமானத்தில். பெட்டியைக் கொண்டுவர எத்தனை கிலோ அனுமதிப்பார்கள் என்று கேட்டான். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் விசாரிக்கவில்லை. அந்தப் பெட்டி காலியாகவே பதினைந்து கிலோ இருக்கும்.